மணி இல்லாத வாசல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். என் முழங்காலும் உன் அப்பாவும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். போனில் பேசினால் ‘விடும்மா, போனாப் போகுது, நான் பணம் அனுப்புறேன்’ என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எழுதி முடித்ததும் இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவேன், முழுசாகப் படி.

நீ கிளம்புகிற வாரம் என் கிரெடிட் கார்டில் தையல் மிஷினுக்கு ஒரு மோட்டார் ஆர்டர் போட்டுத் தந்தாயே, அது இன்னும் வரவில்லை. நான் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வராத மோட்டாருக்கு வட்டி மட்டும் வழி தவறாமல் வீட்டுக்கு வருகிறது. கம்பெனிக்காரனைக் கேட்டால் ‘டெலிவரி ஆயிடுச்சு’ என்கிறான். பேங்கில் புகார் கொடுக்கப் போனால், போனிலேயே ஒரு படிவம், அதில் பொருளின் படத்தை இணைக்கவும் என்று ஒரு கட்டம், இணைக்காவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. வராத பொருளை எந்தக் கோணத்தில் படம் எடுப்பது? உன் அப்பா மிஷினுக்குக் கீழே இருக்கும் வெறும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பினார். படம் தெளிவாக இல்லை என்று பதில் வந்தது. முட்டி தேய உழைக்கிறவள் சொல்லுக்கு மதிப்பில்லை, எவனோ தட்டிவிட்ட ‘டெலிவரி ஆயிடுச்சு’ என்கிற ஒரு வரிக்கு அத்தனை மரியாதை. பணம் இருக்கிறவன் என்றால் மேனேஜரே நாற்காலி இழுத்துப் போட்டிருப்பார்.

விடாமல் கத்தியதில் கம்பெனி ஒரு படம் அனுப்பியது. நீ ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில் நம் வாசலில் பெட்டியை வைத்தார்களாம். பச்சைக் கதவு, பக்கத்தில் பெட்டி, மேலே அழகாக ஒரு காலிங் பெல். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இந்தக் கட்டடத்தில் எல்லாக் கதவும் பச்சைதான், ஆனால் நம் வீட்டில் ஏது மணி? பெட்டி தூக்கி வந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன், நிமிஷத்துக்கு ஒரு வீடு என்று விரட்டினால் எந்த மாடி என்று யாருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மணியே கிடையாது என்று உடனே பேங்குக்கு எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊர் வீட்டுக்கெல்லாம் மணி மாட்டுகிற எலெக்ட்ரீஷியன் பொண்டாட்டி, வீட்டில் மணி இல்லாததால் ஜெயிக்கப் போகிறாள் என்று உன் அப்பாவிடம் சொல்லித் தொலைத்தேன். மனிதருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

மறுநாள் தைத்த ரவிக்கைகளைக் கொடுத்துவிட்டு வருகிறேன், வாசலில் மணி! கல்யாணமான நாளாக நான் கேட்டது, அன்றைக்குப் பார்த்து மாட்டியிருக்கிறார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அது போதாதென்று, வாசலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி பேங்கிலிருந்து, நான் வீட்டில் வைத்துவிட்டுப் போன என் போனுக்குத் தகவல் வந்திருக்கிறது, வேலை சுத்தமாக அமைந்த பெருமையில் இவரே மணி நடுவில் வருகிற மாதிரி எடுத்து அனுப்பிவிட்டார். பேங்குப் பெண் கூப்பிட்டு, ‘அந்தப் படத்துலயும் பெல் இருக்கு, உங்க வாசல்லயும் இருக்கு, அப்புறம் என்ன மேடம்?’ என்கிறாள். இவரைக் கேட்டால், ‘நல்லது செஞ்சாலும் குத்தமாடி?’ என்று அழுத்தி அழுத்தி அடித்துக் காட்டுகிறார். மணி நன்றாகத்தான் அடிக்கிறது.

இந்த மாதக் கடைசிக்குள் வேறு சாட்சி காட்டாவிட்டால் புகாரை மூடிவிடுவார்களாம். அதற்குத்தான் இத்தனையும். நீ கிளம்பிய அன்று சாயங்காலம், பெட்டி வைத்ததாகச் சொல்கிற அதே நாள், வாசலில் நிற்கவைத்து நம்மை உன் அப்பா உன் போனில் ஒரு படம் எடுத்தாரே, நான் அழுது மூஞ்சி வீங்கி, மூக்கு மிளகாய்ப்பழம் மாதிரி இருக்கிறது, அழித்துவிடு என்று உன்னிடம் சொன்னேனே, அதில் கதவு முழுசாகத் தெரியும், மணி இருக்காது. படத்தில் தேதியும் இருக்குமாம். என் மூஞ்சியை அந்த பேங்கே பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை. நீ பணம் அனுப்பாதே, படம் அனுப்பு. நீ ராத்திரி ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த காசு இவர்கள் திருட்டுக்கு இல்லை.

நோய் நொடியில்லாமல், யாருக்கும் பயப்படாமல் நன்றாக இரு. குளிருக்குக் காதை மூடிக்கொள். படத்தை மறக்காதே. நீ என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறாய், அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறேன். அழித்திருந்தாயோ, சொன்னபடி நடந்ததற்காக முதல் முறையாக என்னிடம் திட்டு வாங்குவாய்.

இப்படிக்கு,
மிஷினை மிதித்தபடி,
உன் அம்மா