தலைப்பில்லா எண்கள்

நாள் 118, காலை

பனித்தளம், வியாழனின் நிலவு யூரோப்பா. பதிவு செய்பவர்: அந்தோணி பிச்சை, மின்னணுப் பராமரிப்பு. இதை யார் எப்போது படிப்பார்களோ தெரியாது. விதிமுறைப்படி எழுதுகிறேன்.

அணு உலை சீராக இருக்கிறது. உள்வெப்பம் இருபது டிகிரி. கோமதி அக்கா பனிக்கு அடியிலுள்ள ஆய்வறைக்கு இறங்கிவிட்டார். அவர் நிலவியலாளர், பனிக்குக் கீழே கடல் எப்படி நகர்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. மேலே உள்ள கருவிகளைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்த நிலவில் ஆள் என்று இருப்பது நாங்கள் இருவர்தான். எங்கள் தலைவர் சபாபதி சுற்றுவட்டக் கப்பலில் இருக்கிறார்.

உதிரிப் பாகங்களைச் சேர்த்து இசைக்கணினி ஒன்று கட்டி முடித்தேன். எங்கள் சொந்தச் சாமானில் ஆளுக்கொரு பழைய கீபோர்டு வந்திருக்கிறது. இரண்டும் எங்கள் இருவரைவிட வயதானவை, இசைக்கருவிகள் எண்களால் பேசும் மிடி தவிர வேறு பாஷை தெரியாதவை. அவற்றின் ஐந்து முள் செருகிக்குப் புதுக் கணினியில் துளை கிடையாது. மாற்றுக் கம்பி ஒன்று கட்டினேன். மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. கம்பியில் 'இன்' என்று எழுதிய முனையைக் கீபோர்டின் 'இன்' துளையில் செருகியிருந்தேன். கீபோர்டிலிருந்து வெளியே வருவதுதான் கணினிக்கு உள்ளே போக வேண்டும். வெட்கமாக இருந்தது.

கீழிருந்து பேச்சு இணைப்பில் அக்கா: "ஏல அந்தோணி, கைல வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சியாக்கும்! போட்டாச்சா?"

எதைப் போட்டாச்சா என்று கேட்கக் கூடாது. அதை நேற்றே சொல்லியிருப்பார். ஒரு தடவை சொன்னதைத் திருப்பிச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. காற்று வடிகட்டியைத்தான் கேட்கிறார். போட்டாச்சு.

நாள் 119, மாலை

தளத்தின் பழைய வயரிங் கணினிக்குள் குப்பை எண்களைக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஒரு விசையை அழுத்தினால் கீபோர்டு மூன்று எண் அனுப்பும். முதலாவது தலைப்பு: 'இது சுரம்' என்று சொல்வது. அடுத்தது எந்த விசை, அதற்கடுத்தது எவ்வளவு அழுத்தம். ஆகவே தலைப்பில்லாமல் வரும் எண்களையெல்லாம் ஒதுக்கும்படி ஒரு வரி எழுதினேன். சத்தம் சுத்தமாகிவிட்டது.

இதுபோக, யாரும் தொடாவிட்டாலும் கீபோர்டு 'இருக்கேன், இருக்கேன்' என்று ஓர் எண்ணை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். திரையில் அது ஒரு பச்சைப் புள்ளியாகத் துடிக்கும்.

அக்காவின் கீபோர்டு கீழே போய்விட்டது. குழி வழியாக இறங்கும் கேபிளில் சும்மா கிடந்த ஒரு ஜோடிக் கம்பியில் அதைக் கோத்துவிட்டேன். அவர் கீழே வாசித்தால் மேலே கேட்கிறது. ஏழு சுரத்துக்குள் சொல் தேடுவது இப்போது எங்கள் விளையாட்டு. 'தா' என்றால் சாமான் இறக்க வேண்டும். 'கரி' என்றால் அவர் அடுப்பில் ஏதோ தீய்ந்துவிட்டது. 'சரி' என்றால் சரிதான்.

நாள் 121, பிற்பகல்

பனி நகர்ந்தது. குழி மூடிக்கொண்டது. அக்கா கீழே மாட்டிக்கொண்டார்.

ஆய்வறை உடையவில்லை. உள்ளே காற்று சில நாளைக்கு வரும். பேச்சு இணைப்பு போய்விட்டது. மேலிருந்து கீழே எழுத்துப் பலகைக்குச் செய்தி அனுப்பலாம். கீழிருந்து எழுத்து வராது. கீழிருந்து மேலே வருவதில் கீபோர்டு கம்பி ஒன்றுதான் அறாமல் இருக்கிறது.

உருக்குத் துளைப்பானை இறக்கிவிட்டேன். நீண்ட இரும்புத் தண்டின் முனையில் பனியை உருக்கியபடி அது கீழே போகும். உலையின் சூடு அத்தனையும் அதற்குத்தான் போகிறது. அது ஓடும்போது தரை அதிர்கிறது. கீழே அவருக்கும் கேட்கும்.

"துளைப்பான் வருது. கீபோர்டில் பேசுங்க" என்று அனுப்பினேன்.

ச. ரி.

அழுதுவிட்டேன். இதையும் பதிவு செய்கிறேன்.

நாள் 122, காலை

உள்வெப்பம் நாலு டிகிரி. குளிரில் இசைக்கணினி உறைந்து நின்றுவிட்டது. அணைத்து மறுபடி இயக்கினேன். பச்சைப் புள்ளி துடிக்கிறது. சுரம் எதுவும் வரவில்லை.

"அக்கா, வாசிங்க" என்று அனுப்பினேன். ஒன்றும் இல்லை. தூங்குகிறாரோ என்னவோ.

ஒதுக்கப்பட்ட எண்களின் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. பனி நகர்ந்ததில் கம்பி நைந்திருக்கும்.

நாள் 123, மாலை

சுரம் இல்லை. உப்புமாப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துத் தின்றேன். மண்ணைத் தின்றதுபோல் இருந்தது.

கப்பலிலிருந்து தலைவர்: "அந்தோணி, நல்லா கேட்டுக்கங்க. துளைப்பான் இன்னும் பாதி தூரம்கூட போகல. இப்படியே ஓடுனா உங்களுக்கே சூடு மிஞ்சாது. அவங்க இருக்காங்கன்னு ஒரு அடையாளம் காட்டுங்க, நான் நிறுத்தச் சொல்லமாட்டேன்."

பச்சைப் புள்ளி துடிப்பதைச் சொன்னேன்.

"அது பெட்டி சொல்றதுங்க. ஆளு சொல்றது இல்ல."

அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

"அக்கா, ஒரே ஒரு விசையை அழுத்துங்க. எதுவானாலும் பரவாயில்ல. நிறுத்தச் சொல்றாங்க" என்று இரவு முழுக்க அனுப்பினேன். விரல் மரத்துப்போனது. உள்ளமும் அப்படித்தான் இருக்கிறது.

நாள் 124, காலை

தலைவர்: "போதும், அந்தோணி. நிறுத்துங்க. இது உத்தரவு. உங்க பேர்ல பழி இல்ல, என் பேர்லதான்."

"துளைப்பானை நிறுத்துறேன். மன்னிச்சிருங்க அக்கா" என்று கீழே அனுப்பிவிட்டு நிறுத்தினேன். அதிர்வு நின்றது. இத்தனை அமைதியை நான் இங்கே கேட்டதே இல்லை.

கப்பலிலிருந்தே துளைப்பானின் மின்னிணைப்பைப் பூட்டிவிட்டார்கள். எனக்கு மனசு மாறிவிடுமாம்.

உள்வெப்பம் ஏறுகிறது. ஒன்பது. பன்னிரண்டு. கையுறையைக் கழற்றினேன். காற்று வடிகட்டியைத் துடைத்தேன். வேறு வேலை இல்லை.

நாள் 125, காலை

பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வரி: குரல் மாற்றம், ஆர்கன்.

அடுத்த நொடி ஒலிபெருக்கியில் ஆர்கன் சத்தம். ச. ரி. க. ம. பிறகு மறுபடி முதலிலிருந்து. அவர் வாசிக்கிறார். உயிரோடு இருக்கிறார்.

ஒதுக்கப்பட்ட எண்களைத் திறந்து பார்த்தேன். அவருடைய கீபோர்டு என்னுடையதைவிடப் பழையது. எண் மிச்சம் பிடிக்கும் புத்தி அதற்கு. 'இது சுரம்' என்ற தலைப்பை முதல் தடவை மட்டும் சொல்லும். அதன்பின் விசையும் அழுத்தமும் மட்டுமே வரும்; தலைப்பைக் கணினிதான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் கணினியை மறுபடி இயக்கியபோது அதன் நினைவிலிருந்த அந்த ஒரு தலைப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் வாசித்ததையெல்லாம் குப்பை என்று என் வரி ஒதுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இன்று கீபோர்டின் ஒலியை மாற்றும் குரல் பொத்தானை அவர் மாற்றியதால் கீபோர்டு தலைப்பை மறுபடி சொல்லியிருக்கிறது. அடப்பாவி அந்தோணி.

எல்லாம் அங்கே இருக்கிறது. நேரத்தோடு இருக்கிறது. "வாசிங்க" என்றதும் வாசித்திருக்கிறார். "ஒரே ஒரு விசை" என்றதும் விசைகளைப் போட்டு அடித்திருக்கிறார், இரண்டு கையாலும். "நிறுத்துறேன், மன்னிச்சிருங்க" என்றதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் இரண்டே சுரம், மெல்லிய அழுத்தத்தில்.

ச. ரி.

நாள் 125, நண்பகல்

கப்பலுக்குச் சொன்னேன். சத்தத்தையும் போட்டுக் காட்டினேன்.

தலைவர் மறுபடி ஒரு தடவை போடச் சொன்னார். பிறகு: "பூட்ட எடுத்துட்டேன். ஓட்டிப் பாருங்க."

ஓட்டினேன். துளைப்பான் அசையவில்லை. உருகிய நீர் அதைச் சுற்றி மறுபடி உறைந்து பிடித்துக்கொண்டது. முனையின் சூட்டுச் சுருள் அறுந்துவிட்டது. மாற்றுச் சுருள் கப்பலில் இருக்கிறது. அதை இறக்கி, பொருத்தி, துளைத்து முடிப்பதற்குள் கீழே காற்று தீர்ந்துவிடும்.

"கணக்குப் போட்டேன், அந்தோணி. வழியே இல்ல. அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

நான் சொல்கிறேன் என்றேன்.

நாள் 126

சொல்லவில்லை.

"கேட்குது அக்கா. கணினியில கோளாறு, இப்பத்தான் கேட்குது. துளைப்பான் மறுபடி ஓடுது. பக்கத்துல வந்தாச்சு." இதைத்தான் அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் புள்ளி மட்டும் துடித்தது. பிறகு மூன்று சுரம்.

நி. ச. மா.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. இந்தச் சொல்லை நாங்கள் விளையாட்டில் கண்டுபிடித்ததே இல்லை. நிசமா?

துளைப்பான் ஓடினால் கீழே கேட்கும். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதனால் கேட்கிறார்.

"நிசமாத்தான்க்கா" என்று அனுப்பிவிட்டு, பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தளத்துக்குள்ளேயே இருக்கும் குழிவாய்க்கு ஓடினேன். உறைந்து நிற்கும் துளைப்பான் தண்டின் தலையில் ஓங்கி அடித்தேன். துளைப்பான் நிற்கும் ஆழம்வரை இரும்பு பனிக்குள் போகிறது; சத்தம் கீழே எட்டும். அடித்துக்கொண்டே இருக்கிறேன். ஒலிபெருக்கியை இங்கே இழுத்து வைத்திருக்கிறேன்.

வாசிக்கிறார். சரளி வரிசை. என் அடிக்கு அடி சரியாக.

அப்போதுதான் உறைத்தது. நான் தாளத்தோடு அடித்துக்கொண்டிருக்கிறேன். மாதாகோயில் கொயரில் பாடகர்களோடு வாசித்த கை, தன்னால் தாளம் போடுகிறது. துளைப்பானுக்கு ஏது தாளம்? அவருக்குத் தெரிந்திருக்குமோ? மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கிறேன். தாளம் மறுபடி வந்து ஒட்டிக்கொள்கிறது.

அவர் நிறுத்தவில்லை. கூடவே வருகிறார்.

இடது கையால் எழுதுகிறேன். தோள் கழன்றுவிடும்போல் இருக்கிறது. நின்றால் கீழே தெரிந்துவிடும்.

ஒரு கையால் அடித்தால் சத்தம் போதவில்லை. பதிவை இத்துடன் நிறுத்துகிறேன்.