வெடியுப்பு அடுப்பு எரியாத நாள்

நாகப்பட்டினத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் சின்னதம்பி அவர்களுக்கு, பழவேற்காட்டிலிருந்து வேலம்மா கும்பிட்டு எழுதச் சொல்வது. உங்கள் இருமல் குறைந்ததா? மகள் வயிறாரச் சாப்பிடுகிறாளா? நான் சுகமாக இருக்கிறேன்.

ஒல்லாந்தர் கோட்டையின் வெடிமருந்துக்கு வெடியுப்பு காய்ச்சித் தரும் குத்தகைக்காரரிடம்தான் இன்னமும் வேலை. கொதிக்கும் கொப்பரை கவிழ்ந்து எங்களோடு இருந்த ரோசி இறந்ததைப் போன வருஷமே சொல்லியிருந்தேன். இந்த மாசி பத்தாம் தேதியோடு அதற்கு ஒரு வருஷம். அன்றைக்கு நாங்கள் யாரும் அடுப்பு மூட்டவில்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

மேஸ்திரி வந்து, "இன்னிக்கு இன்னா திருநாளு? எந்தச் சாமிக்கு?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த பச்சையம்மா தலையைக் குனிந்துகொண்டாள். என் வாய்தான் சும்மா இருக்கவில்லை. "சாமிக்கு இல்லீங்க. வேலை செய்யறவங்களுக்கு" என்றேன்.

அவர் திட்டவில்லை. குத்தகைக்காரரைப் பார்த்துவிட்டு வந்து, "வருசா வருசம் இந்த ஒரு நாளு அடுப்பு வாணாம்னுட்டாரு" என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு என்னை மட்டும் நிறுத்தி, பெயரும் ஊரும் கேட்டுக்கொண்டு போனார்.

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது" என்கிறாள் பச்சையம்மா. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் என்னைப் பற்றி விசாரித்து யாராவது அங்கே வந்தால் உடனே சொல்லி அனுப்புங்கள்.

கைக்குத் தடவ விளக்கெண்ணெய் வேண்டும். பெரிய காயம் இல்லை. மகளின் உயரத்துக்கு ஒரு நூல் அளந்து அதோடு வையுங்கள். படகு கிளம்புகிறதாம், எழுதுகிறவர் எழுந்துவிட்டார். எண்ணெய் இல்லாவிட்டாலும் நூலை அனுப்புங்கள்.