இடது பக்கத்துக் கம்பி

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, சின்னவள் மூவரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், பார்த்துப் பார்த்துக் கவனிக்கத்தான் அங்கே ஆள் இருக்கிறதே. (அண்ணா, அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டாளாம், அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பது அம்மா சரக்கு, உள்ளே இருப்பது உன் தங்கை சரக்கு. கடைசியில் படித்துக் காட்டச் சொல்வாள், அப்போது இவற்றை எல்லாம் தாண்டிவிடுவேன். நீ மட்டும் தாண்டாமல் படி.) அப்பாவுக்குப் பேருந்தில் காலை முறை போட்டுவிட்டார்கள், மதியமே வந்து தூங்குகிறார், சின்னவள் வழக்கம்போல் வாலைச் சுருட்டாமல் இருக்கிறாள். நீ எத்தனை தடவை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை என்று அப்பாவிடம் வருத்தப்பட்டாயாம். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, சீருடை மலையாகக் குவிந்திருக்கிறது, பொத்தானுக்குக் காஜா எடுக்கவே நேரம் போதவில்லை, வேறொன்றுமில்லை. (போன் அடித்தால் உடனே மெஷின் மோட்டாரை முடுக்கிவிட்டு, "சத்தத்துல ஒண்ணும் கேக்கலடி" என்பாள். ஊசிக்குக் கீழே துணியே இருக்காது.)

நீ அனுப்பிய படமும் கடிதமும் வந்தன. ஊருக்கெல்லாம் பொதுவாகத் திறந்தவெளியில் ஒரு நீச்சல் குளம், நடக்க முடிந்தவர், முடியாதவர், கண் தெரியாதவர், சத்தத்துக்கு மிரளும் குழந்தை என்று யார் வந்தாலும் இறங்கலாம், அதைக் கட்டுவதற்குப் படம் வரைவது என் மகன் என்று துணி கொடுக்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடிதத்தைப் பிரித்த பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன். நாலு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் நீ வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா. சக்கர நாற்காலியில் இருப்பவர், ஒரு ஞாயிறு முழுக்க உன்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்துத் தெருத்தெருவாகச் சுற்றவிட்டாராம், அப்போதுதான் உனக்குக் கண் திறந்ததாம். நல்லது, திறக்கட்டும். உடை மாற்றும் அறையில் கொக்கியைத் தாழ்வாக அடிக்கவேண்டும் என்பது அவர் சொல்லித்தான் தெரிந்ததாம். நம் வீட்டில் சுவிட்ச், அலமாரி, சட்டை மாட்டும் ஆணி எல்லாம் நான் உட்கார்ந்தால் எட்டுகிற உயரத்தில்தானே இருக்கின்றன, நீ நெடுநெடுவென்று வளர்ந்த பிறகு குனிந்து குனிந்து விளக்கைப் போட்டாயே, அப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டா போட்டாய். ஈரத்தில் வழுக்காத ஓடு போடச் சொன்னதும் அவராம். குளியலறையில் வழுக்கி விழுந்து தாடையில் தையல் போட்டுக்கொண்டது அவரா நானா. (அண்ணன் படியே இல்லாத குளம் கட்டுகிறான், எனக்கு மட்டும் காலையிலும் படி, மாலையிலும் படி. இந்த வீட்டில் பொறாமைப்பட ஒரே ஆளுக்குத்தான் உரிமையா என்ன.) உன்னை அவர் மகனே என்று கூப்பிடுகிறாராம். கூப்பிடட்டும், வாய் அவருடையது. எனக்கு இதிலெல்லாம் பொறாமை கிடையாது. (மேற்படி வாக்கியத்தை அழுத்தி எழுதச் சொல்கிறாள். எழுதியாயிற்று, தாள் கிழியாததுதான் பாக்கி. நடந்தது என்னவென்றால், உன் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தையல் அறைச் சுவரில் ஒட்டினேன். அன்று முதல் கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு அதன் முன்னால் நிற்கிறாள். "அந்தம்மா பாத்துச் சொன்னதுல ஒரு குத்தமாவது இல்லாமலா போயிடும்" என்று தேடுகிறாள். பெஞ்சுக்கு மேல் நிழல் இல்லை என்று பிடித்தாள், அந்த வட்டம்தான் நிழற்குடை என்று அப்பா காட்டினார். கண் தெரியாதவர் ஆழத்தை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று பிடித்தாள், காலுக்குத் தட்டுப்படும் சொரசொரப்புப் பட்டையும் இருந்தது. அப்பா துண்டை உதறிக்கொண்டே, "உனக்குக் குத்தம் குளத்துலயா, அவன் குடியிருக்கிற வீட்டுலயா" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்குக் காபி கிடைக்கவில்லை.)

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். நீ நீச்சல் கற்ற குளத்தில் உள்ளே போகச் செங்குத்தான இரும்பு ஏணி ஒன்றுதான் வழி. வலுவில்லாத என் இடது காலை வைத்துக்கொண்டு அதில் எங்கே இறங்குவது. உங்கள் எல்லாருடைய துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பேன். தண்ணீருக்குள் உடம்பு எடையே தெரியாதாம், கால் தானாக மிதக்குமாம், நீங்கள் ஏறி வந்து பல்லைக் கிட்டிக்கொண்டு சொல்வீர்கள், நான் தலையைத் துவட்டிவிடுவேன். அந்தக் குளத்தில் இருந்த குழந்தைகள், கிழவர்கள், அப்பா, நீ, எல்லார் மேலும் எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உன் குளத்தைத் திறக்கும்போது அந்தம்மா முதலில் இறங்குவார், நீயும் வந்து கரையில் உட்கார்ந்து பார் அம்மா என்று எழுதியிருக்கிறாய். வரமாட்டேன் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். கரையில் உட்கார்ந்தது போதும்.

(அம்மா வாசலில் யாரிடமோ துணி வாங்கிக்கொண்டிருக்கிறாள், அதற்குள் நான் முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் படத்தில் தண்ணீருக்குள் போகும் சரிவு ஓர் அடி இறங்கப் பன்னிரண்டு அடி நீளம் என்று போட்டிருந்தது இல்லையா. அம்மாவின் டேப்பைத் திருடிக்கொண்டுபோய் அளந்தேன், நம் நூலகத்து வாசல் சரிவும் அதே கணக்கு. அம்மாவை அதில் நடக்கவைத்துப் பார்க்க ஆசை. சும்மா கூப்பிட்டால் வருவாளா. "அண்ணனோட வீட்டுக்காரம்மா போட்டோ பேப்பர்ல வந்திருக்காம், நூலகத்துல இருக்கு" என்றேன். அவ்வளவுதான், நூலை விட்டுவிட்டு நூலகத்துக்குக் கிளம்பிவிட்டாள். "எப்படி இருக்காங்களாம், சிவப்பா, குண்டா" என்று வழியெல்லாம் கேள்வி. அங்கே போட்டோவும் இல்லை ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என் காது சிவப்பாயிற்று. கோபத்தில் விறுவிறுவென்று வெளியே வந்து சரிவில் இறங்கினாள். வலது பக்கம் சுவரோடு கம்பி, இடது பக்கம் வெறும் காற்று. பாதியில் நின்றுவிட்டாள். இடது கை பக்கத்தில் எதையோ தேடியது, ஒரு பள்ளிக்கூடப் பையனின் தோள் இருக்கும் உயரத்தில். நான் வலது பக்கம் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன், எனக்கு எப்போதும் பை தூக்குகிற பக்கம்தானே, இடது பக்கம் உனக்கு எழுதிவைத்த சொத்து. சுற்றி ஓடிவந்து தோளைக் கொடுத்தேன். கீழே வந்ததும், "அவன் படத்துலயும் இந்தப் பக்கம் ஒண்ணுமில்லடி" என்றாள். குற்றம் கிடைத்துவிட்டதே, குதிப்பாள் என்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து நேராக மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள்.)

சின்னவள் தலை நிமிராமல் எழுதித் தள்ளியிருக்கிறாள், நான் அவ்வளவா சொன்னேன் என்று தெரியவில்லை. போகட்டும். உன் சரிவில் இறங்கும்போது வலது பக்கம் சுவரோடு கம்பி இருக்கிறது, இடது பக்கத்தைக் கூட வருகிறவர் நடப்பதற்காகத் திறந்து விட்டிருக்கிறாய். திரும்பி ஏறும்போது அதே கம்பி என் இடது கைக்கு வந்துவிடும், ஏறிவிடுவேன். இறங்கத்தான் முடியாது. (வெளியே வரலாம், உள்ளே போக முடியாது. இப்படி ஒரு குளத்தை வரைய உன்னால்தான் முடியும்.) அந்தம்மா தண்ணீருக்கென்று வைத்திருக்கும் நாற்காலியில் இறங்குவார், பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்வார், அவருக்கு இது தோன்றாது, அது அவர் குற்றமில்லை. (இதைச் சொல்ல அவள் பட்ட பாட்டை நீ பார்த்திருக்கவேண்டும்.) உனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டே வந்தேன். நீ நடை பழகிய நாளிலிருந்து ஊரை விட்டுப் போகிறவரை என் இடது பக்கத்தில் நீதான் நடந்தாய். கடைத்தெரு, பேருந்து நிறுத்தம், உன் பள்ளிக்கூடத்து மாடி, எங்கே போனாலும் என் கை உன் தோளில். அந்தப் பக்கம் ஒரு கம்பி வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்க வழியே இல்லை. மூன்று பக்கம் அந்தம்மாவைப் பற்றி எழுதினாய், ஆனால் வரையும்போது அந்த இடத்தில் என்னைத்தான் நடக்கவிட்டிருக்கிறாய், பக்கத்தில் உன்னை வைத்துக்கொண்டு. அது தெரிந்ததும் மெஷினில் போய் உட்கார்ந்து, தைத்த சட்டையையே திரும்பத் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் பெரியவனே, அதை அப்படியே விட்டுவிடாதே. என்னைப் போல் சாய்ந்து நடக்கிறவர்கள் எல்லாரும் மகனைக் கூட்டிக்கொண்டு வரமாட்டார்கள். பிள்ளை எங்கோ தூரத்தில் இருக்கும், சிலருக்குப் பிள்ளையே இருக்காது, சிலருக்கு யாரும் தாங்காமல் தானாக ஒரு தடவை இறங்கிப் பார்க்கவேண்டும் என்று இருக்கும். அந்தப் பக்கமும் கம்பி போடு. நாற்காலிக்கு இடம் போதவில்லை என்றால் சரிவை அகலமாக்கு, செலவு கூடும் என்று மேலே இருப்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். கான்கிரீட் போடுவதற்குள் செய். துணியாக இருந்தால் பிரித்துத் தைத்துவிடலாம், இதை எங்கே பிரிப்பது. கம்பி போட்டால் வருகிறேன், கரையில் உட்கார அல்ல. இழுத்தால் விரிகிற துணியில் முழுக்கால் வரைக்கும் ஒரு நீச்சல் உடை தைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். (இருக்கிறாளாம். தைத்தே முடித்துவிட்டாள். அளவு பார்க்க எனக்குத்தான் போட்டுவிட்டாள், அப்பா என்னைப் பார்த்துவிட்டு, "தவளைக்கு இன்னும் தண்ணி வரலியா" என்று கேட்டார்.)

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, குளித்ததும் காதைத் துடை, சின்ன வயதிலேயே உனக்குச் சளி காதில்தான் இறங்கும். அந்தம்மா சமைத்துக் கொடுத்தால் சாப்பிடு, வேண்டாம் என்று சொல்லவில்லை, என் கை ருசி மறக்காமல் சாப்பிடு. அவரை நான் மிகவும் கேட்டதாகச் சொல். ('மிகவும்' வேண்டாமாம், அடித்துவிடச் சொன்னாள். மை தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.) நீ எடுத்த வேலை நல்லபடி முடியட்டும், அந்தக் குளத்தில் இறங்குகிற ஒவ்வொருவர் வாயும் உன்னை வாழ்த்தட்டும், தீர்க்காயுசாக இரு. திருத்திய படத்தை உடனே அனுப்பு, நானே டேப்பை வைத்துப் பார்க்கவேண்டும். அவர்தான் முதலில் இறங்குவது என்று முடிவாகியிருந்தால் அப்படியே இருக்கட்டும், மாற்றவேண்டாம். அடுத்தது நான். அப்போது நீ என் பக்கத்தில் வராதே, தண்ணீருக்குள் எதிரே நில். நான் இறங்கி உன்னிடம் வந்து சேர்கிற வரைக்கும் அந்தம்மா என்ன கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
('பெற்ற' என்பதற்கு அடியில் கோடு அவளே போட்டது.)