கல்தொட்டி வீட்டு ரத்தம்

ராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி பெனினுக்கு,

அக்கா ஹெப்சி எழுதுகிறேன். நீ அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்காத நாள் இல்லை. இங்கே அத்தான், அத்தை, நாத்தனார் ஜெனிலா எல்லாரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிடுவாய். அப்பா அப்படியெல்லாம் இல்லை என்பார். நீ அவரை நம்புவாய். அதனால்தான் எழுதி, லீவு முடிந்து நாளைக்குத் தோஹா திரும்புகிற உன் சிநேகிதன் ஜெபக்குமாரிடம் கொடுத்துவிடுகிறேன். அம்மா கொடுத்தனுப்பும் நார்த்தங்காய் ஊறுகாயோடு இதுவும் வரும். அம்மாவுக்கு இது தெரியாது. கடைசிவரை வாசித்துவிட்டு யாரை வேண்டுமானாலும் கூப்பிடு.

இன்று காலை எங்கள் கோயிலில் உங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை அறிவிப்பு வாசித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மணியடிச்சான் வகையறா தேவஇரக்கம் மகன் பெனினுக்கும், ராஜபாளையம் கல்தொட்டி வகையறா காலஞ்சென்ற எலிசா மகள் ஜெனிலாவுக்கும் என்று போதகர் வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சொல்லிவிட்டு வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தார். என் பிள்ளை எலினா மடியில் இருந்தாள். மூக்கில் பால் குழாய், தலை என் கைமடிப்பில். எனக்குத் தடை தெரியும். நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஜெனிலா என் சேலை முந்தியை இறுக்கிப் பிடித்திருந்தாள். எழுந்து சொல் என்று பிடித்தாளா, சொல்லாதே என்று பிடித்தாளா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

முதலில் எலினாவைப் பற்றிய உண்மை. பிரசவத்தில் மூச்சுத் திணறல், அதனால் மூளை வளர்ச்சி குறைவு என்றுதானே உன்னிடம் சொன்னோம். அது பொய். ஆறு மாதம் வரை அவள் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் இருந்தாள். குப்புற விழுந்தாள், சாவிக்கொத்தைப் பிடுங்கினாள், உன் வீடியோ காலைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கற்றுக்கொண்டதை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியாகப் போனது விழுங்குவது. இரண்டு வயது முடிந்துவிட்டது, கழுத்து நிற்கவில்லை. போன வாரத்திலிருந்து வலிப்பு மாத்திரையும் கேட்கவில்லை.

மதுரையில் மரபணு டாக்டரம்மா ஒருவர் எங்கள் மூன்று பேர் ரத்தத்தையும் சோதித்தார். நரம்பை அரித்துத் தின்கிற நோய். பெயர் நீளமானது, எழுதி உனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் பி.எஸ்ஸி. விலங்கியலில் படித்ததுதான்: எல்லாருக்கும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று எல்லாம் இரண்டு இரண்டாக வருகிறது. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆளுக்கு ஒன்றும் செய்யாது. எனக்கும் அத்தானுக்கும் அப்படி ஒன்று பழுது. ஒரே பழுது, ஒரே இடத்தில். அவளுக்கு இரண்டு பேரிடமிருந்தும் பழுதானதே போய்விட்டது.

நீங்கள் சொந்தமா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை மேடம், வேற வேற வகையறா என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கும். தாய்மாமன் மகன் கேட்டபோது, படித்த பிள்ளை நான், சொந்தத்தில் கட்ட மாட்டேன் என்று சாப்பிடாமல் கிடந்தேன். அப்பாவும் விட்டுக்கொடுத்து வெளியே பார்த்தார். வெளி என்று பார்த்ததுதான் இந்தக் கல்தொட்டி வீடு.

இந்தப் பழுது இவ்வளவு அபூர்வமாக இருந்தும் இரண்டு பேருக்கும் அதே இடத்தில் இருக்கிறது, முன்னோர் எங்கேயோ ஒன்றாகத்தான் இருப்பார்கள், வீட்டில் விசாரியுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். கூடப் பிறந்தவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார். அப்பாவைக் கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "நாம மணியடிச்சான் வகையறா, அவிய கல்தொட்டி வகையறா. பேரே வேறங்கும்போது ரத்தம் எப்படிட்டி ஒண்ணாகும்? ஆஸ்பத்திரிக்காரன் ஆயிரம் சொல்லுவான்" என்று வெளியே போய்விட்டார். உன்னிடம் பிரசவக் கோளாறு என்று சொல்லச் சொன்னதும் அவர்தான். அத்தையும் ஒத்துக்கொண்டார்கள். வீட்டில் இன்னொரு பெண் கல்யாணத்துக்கு இருக்கும்போது வியாதிப் பெயர் வெளியே போகக்கூடாது என்பது அவர்கள் கவலை. அந்தப் பெண்ணை உனக்கே பேசினார்கள்.

உங்கள் நிச்சயதார்த்தத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. நீ போட்டோக்காரன் பின்னால் போயிருந்தாய். வ. புதுப்பட்டியில் நம் பழைய வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கருத்தப்பாண்டிப் பெரியவர் வந்திருந்தார் அல்லவா. பந்தியில் பாயசத்தை வழித்துக் குடித்துவிட்டு எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏலே தேவஇரக்கம், பொண்ணைக் குடுத்ததும் பங்காளி வீட்ல, எடுக்கதும் பங்காளி வீட்லயா? வேதத்துல சேந்துட்டா மொறையெல்லாம் மாறிப்போவுமோ? ஒன் தாத்தன் கல்தொட்டி வீட்ல இருந்து வீட்டோட மாப்பிள்ளையா வந்தவன்தானலே. பொண்டாட்டி வீட்டுப் பேரைச் செமந்த பயன்னு எங்கைய்யா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

பந்தியே சிரித்தது. கிழவனுக்குப் பாயசத்திலேயே ஏறிவிட்டது என்றார் யாரோ. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அவரை விடாமல் கேட்டேன். வாய் திறந்தார். புதுப்பட்டிக் கோயிலில் முதல் முதலில் மணியடித்தவருக்கு ஆண்பிள்ளை கிடையாது, ஒரே மகள். ராஜபாளையத்தில் ரோட்டோரம் மாடுகளுக்குக் கல்தொட்டி கட்டிவைத்த வீட்டின் இளைய மகனை அவளுக்குக் கட்டி வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் மணியடிச்சான் வகையறா ஆனார்கள். பேரை விட்டவன் எங்களுக்குச் செத்தவன் என்று அண்ணன்காரன் வரப்போக்கை அறுத்துவிட்டாராம். அந்த அண்ணனின் கொள்ளுப்பேரன்தான் அத்தான். தம்பியின் கொள்ளுப்பேத்தி நான். என் மாமனார் எலிசாவுக்கே இது தெரிந்திருக்காது. அப்பாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் இதைச் சொல்லித்தான் அவரை அழவைப்பார்களாம். அதனாலேயே புதுப்பட்டியை விட்டு வந்து, பத்திரத்திலும் நம் சர்ட்டிபிகேட்டிலும் மணியடிச்சான் என்று அழுத்தி அழுத்தி எழுதவைத்திருக்கிறார். உன் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராக அதைப் போட்டதும், உங்கள் சூப்பர்வைசர் உன்னை மிஸ்டர் மணி என்று கூப்பிடுகிறார் என்று நீ சொன்னபோது அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததும் அதனால்தான்.

தெரிஞ்சும் எப்படிப்பா கட்டிக் கொடுத்தீங்க என்று கேட்டேன். "நாலு தலைமுறை ஆச்சு. அந்தப் பேச்சே செத்துப்போச்சுன்னு நெனச்சேன். பேரு மாறி இம்புட்டு நாளு ஆன பொறவு ரத்தம் மட்டும் நிக்குமாட்டி?" என்றார். அதைக் கேள்வியாகத்தான் கேட்டார் தம்பி. என்னிடம் பதில் எதிர்பார்த்தார். நான் எலினாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரே, "பெனினுக்கு எழுதிராத. அவன் கல்யாணம் நின்னா ஒன் வாழ்க்கையும் நிக்கும்" என்றார். அப்பா மிரட்டவில்லை. பயந்து சொன்னார். பெண் கொடுத்து எடுக்கிற இடத்தில் ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும்.

அத்தானிடம் அன்றைக்கே சொன்னேன். "அப்போ நாம ரெண்டு பேரும்..." என்றவர் அதை முடிக்கவே இல்லை. ஊர் முறைப்படி பங்காளி மகள் தங்கை அல்லவா. மில்லில் ஷிப்டை மாற்றிக்கொண்டார். நான் விழித்திருக்கும்போது அவர் வீட்டில் இருப்பதில்லை. பிள்ளைக்கு மட்டும் ஒரு குறையும் வைப்பதில்லை.

ஜெனிலாவிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை. கிருஷ்ணன்கோவில் காலேஜில் லீவு சொல்லிவிட்டு அவளே என்னோடு மதுரைக்கு வந்து ரத்தம் கொடுத்தாள். அவளுக்கும் அந்தப் பழுது இருக்கிறது. ரிசல்ட் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் சொன்னாள்: "அண்ணி, எலினாவை ரெண்டு வருசமா நான்தான் குளிப்பாட்டுதேன். பயம்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனா அவியகிட்ட என் வாயால சொல்ல முடியாது. நீங்களே எழுதுங்க. நான் படிச்சுட்டுத் தாரேன்." இதை அவள் படித்த பிறகுதான் ஒட்டுவேன்.

இனி உன் விஷயம். உனக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பாதிக்குப் பாதி. இல்லையென்றால் உங்கள் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது. தாராளமாகக் கட்டிக்கொள். ஊர் பங்காளி என்று பேசட்டும், நான் உன் பக்கம் நிற்பேன். இருக்கிறது என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு எலினாவைப் போல ஆகலாம்.

அதற்கென்ன, வயிற்றில் இருக்கும்போதே டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமே என்று உனக்கு யாராவது சொல்வார்கள். பார்க்கலாம். போன வருஷம் மழைக்கு முன்னால் நான் நாலு நாள் மதுரையில் இருந்தேனே, கட்டி எடுத்தார்கள் என்று சொன்னோமே, அது கட்டி இல்லை. ஐந்தாவது மாதம். அசைவு தெரிந்த பிறகுதான், அதற்கும் அதே நோய் என்று ரிசல்ட் வந்தது. எனக்குச் சரியென்று பட்டதைச் செய்தேன், அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் இன்னும் சில நாள் வயிற்றில் கை வைத்தபடிதான் விழிக்கிறேன். ஜெனிலா இதில் போய் நிற்க வேண்டுமென்றால், தெரிந்து நிற்கட்டும். நீயும் தெரிந்து நில். எங்களை நிறுத்தியது போல உங்களைக் கண்ணைக் கட்டி நிறுத்த வேண்டாம்.

அதனால் இரண்டு காரியம் செய். எங்கள் போதகருக்கும் உங்கள் போதகருக்கும் நீயே போன் போட்டு, அடுத்த ஓலையை நிறுத்திவைக்கச் சொல். மாப்பிள்ளை சொன்னால் காரணம் கேட்கமாட்டார்கள். பெண் வீட்டார் சொன்னால் ஜெனிலாவின் பெயர் கெடும். லீவை முன்னால் மாற்றி மதுரைக்கு வந்து ரத்தம் கொடு. என்ன தேட வேண்டும் என்று அவர்களுக்கு இப்போது தெரியும், சீக்கிரம் பார்த்துவிடுவார்கள். அப்பாவிடம் கோபப்படாதே. அவர் இப்போதெல்லாம் எலினாவைத் தூக்குவதில்லை. கட்டில் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போகிறார்.

ரிசல்ட் எதுவானாலும் முதலில் ஜெனிலாவிடம் சொல். கட்டிக்கொள்கிறேன் என்றாலும், மாட்டேன் என்றாலும், நேரில் வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அவளைப் போனில் விட்டுவிடாதே.

எலினாவுக்குக் கல்யாணத்துக்கு என்ன அளவில் கவுன் வாங்கட்டும் என்று கேட்டிருந்தாய். கவுன் வேண்டாம் தம்பி. நீ சீக்கிரம் வா.

அப்பா என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பிள்ளையைக் கர்த்தர் உனக்குத் தரட்டும்.

உன்னைச் சுமந்து வளர்த்த அக்கா,
ஹெப்சி