மூக்குத்தி சொன்ன கல்யாணி

பிச்சிப்பூ இல்லாமல் வாசல் தாண்டாத என் கோமதிக்கு,

நேற்றுச் சாயங்காலம் கோயில் சித்திரைக் கச்சேரிக்குப் போனேன். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. போன சித்திரையில் துக்க வருஷம் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்தச் சித்திரைக்கு அந்தச் சாக்கும் இல்லை. உன் முதல் திதி கழிந்தே ஆறு மாதமாகிவிட்டது.

உள்ளதைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது. அழுதுவிட்டால் வியர்வை என்று சமாளித்துக்கொள்ளலாம். கல்லிடைக்குறிச்சி வெயிலில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் யாராவது "இது என்ன ராகம்?" என்று கேட்டுவிட்டால்?

இருபது வருஷமாக இந்த ஊர் என்னை 'ராகத்துப் பிள்ளை' என்று கூப்பிடுகிறது. அந்தப் பேர் யாருக்குச் சேரவேண்டியது என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். நாங்குநேரியில் உன் பிறந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு நாகசுரக்காரர் வீடு. அவர் விடியற்காலையில் சாதகம் பண்ணப் பண்ண, நீ சுவருக்கு இந்தப்புறம் பாயைச் சுருட்டிக்கொண்டே எல்லா ராகத்தையும் தெரிந்துகொண்டுவிட்டாய். எனக்கோ சங்கு ஊதினாலும் நாகசுரம் ஊதினாலும் ஒன்றுதான். ஆனாலும் புது மாப்பிள்ளை முறுக்கு சும்மா இருக்க விடுமா? கல்யாணமான முதல் கோடையில், இதே கோயில் பந்தலில் நாலு பேர் நடுவில் வாய்க்கு வந்த ராகத்தைச் சொல்லிவிட்டு நான் விழித்ததைப் பெண்கள் பக்கத்திலிருந்து நீ பார்த்துவிட்டாய். வீட்டுக்கு வந்ததும் சொன்னாய்: "கேட்டியளா, இனிமே வாயத் தொறக்கதுக்கு முன்னால என்னப் பாருங்க."

மூக்குத்தியைத் தொட்டால் கல்யாணி. கொண்டையைச் சரிசெய்தால் காம்போதி. முந்தானையை இழுத்துப் போர்த்தினால் பைரவி. விசிறியைக் கை மாற்றினால் தோடி. பந்தலின் அந்தக் கோடியில் நீ, இந்தக் கோடியில் நான். ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெரிய ஞானஸ்தன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே பேரைச் சொல்வேன். சுற்றியிருப்பவர்கள் "ஆகா" என்பார்கள். அந்த ஆகாவில் ஒன்றையாவது உன் பக்கம் திருப்பிவிட்டேனா? திரும்பி வரும்போது ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கித் தந்ததோடு சரி.

நேற்று மந்திரமூர்த்தி வந்து நின்றான். உனக்குத்தான் தெரியுமே, எந்தக் கச்சேரியானாலும் என் பக்கத்தில் உட்காருகிறவன். "எந்திரியும் வே. எத்தன நாளைக்கு இப்படிச் செவரப் பாத்துக்கிட்டு இருப்பீரு? தஞ்சாவூர்ச் சீமையில இருந்து நாகசுரக்காரரு ரெண்டு தவிலோட ரயில்ல வந்து எறங்கியிருக்காக. நீரு இல்லாமக் களகட்டாது" என்று கையைப் பிடித்து இழுத்தான். போனேன்.

கூட்டமென்றால் கூட்டம், பந்தல் கொள்ளவில்லை. வெயில் தாழ்ந்த பிறகும் தரை சுட்டது. கோயில்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தார்கள். தெளித்த இடத்திலிருந்து சூடு மேலே கிளம்பியதுதான் மிச்சம். பானகம் என்னிடம் வருவதற்குள் அண்டா காலி. நாகசுரக்காரர் ஒல்லி ஆள். அந்த நெஞ்சுக்குள் அவ்வளவு காற்றை எங்கே வைத்திருந்தாரோ! அவர் மேலே மேலே போகப் போக, ஜனங்கள் உட்கார்ந்தபடியே நிமிர்ந்தார்கள். எல்லாக் கையிலும் விசிறி அசைவது நின்றுவிட்டது.

நான் பழைய பந்தக்காலில்தான் சாய்ந்திருந்தேன். உன் இடத்தில் யாரோ ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. வெளியூராக இருக்க வேண்டும். மந்திரமூர்த்தி பழக்க தோஷத்தில் என் தொடையைத் தட்டி, "வே, என்ன ராகம்?" என்றான். அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் முகத்து வியர்வையைத் துடைத்தாள். விரல் மூக்குத்தியில் நின்றது.

"கல்யாணி" என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அரைமணி நேரமாக அங்கே ஓடிக்கொண்டிருந்தது தோடியாம். "என்ன அண்ணாச்சி, தோடியப் போயிக் கல்யாணிங்கியளே!" என்று ஒருவர் சிரித்தார்.

இத்தனை வருஷம் எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. ஆனால் வெட்கம் வரவில்லை கோமதி. அங்கே நீ இல்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. சுற்றி அவ்வளவு ஜனம். எனக்கென்று ஒரு ஆள் இல்லை. மந்திரமூர்த்தியிடம் சொல்லிவிட்டேன்: "எனக்கு ஒரு ராகமும் தெரியாது வே. எல்லாம் அவதான். அங்கன இருந்து கையக் காட்டுவா, நான் இங்கன பேரச் சொல்லுவேன்."

அவன் பைய, "தெரியும் வே" என்றான்.

"என்ன தெரியும்?"

"ரெண்டாம் வருசமே எம் பொஞ்சாதி சொல்லிட்டா. பொம்பளையாளுக பூராத்துக்கும் தெரியும். எங்க எல்லாருக்கும் தெரியும்."

"பெறவு ஏன் வே வருசா வருசம் என்னக் கேட்டீரு?"

"கேட்டாத்தான நீரு அங்கன திரும்புவீரு! நீரு திரும்புத நேரம் மதினி மொகத்தப் பாக்கணுமே. அதுக்காவத்தான் கேட்டது. நீரு எங்க அதப் பாத்தீரு? கையத்தான பாத்துக்கிட்டு இருந்தீரு."

அதற்குள் தவில்கள் இரண்டும் மோத ஆரம்பித்துவிட்டன. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்க, இவர் கொடுத்ததை அவர் இரட்டிப்பாகத் திருப்ப, பந்தக்கால் என் முதுகில் அதிர்ந்தது. ஜனம் எழுந்து நின்றுவிட்டது. துண்டுகள் மேலே பறந்தன. மந்திரமூர்த்தியும் எழுந்து கத்தினான். நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்ற அத்தனை கால்களுக்கு நடுவில் உன் இடம் எனக்குத் தெரியவில்லை.

நான் திரும்பும் நேரம் உன் முகம் எப்படி இருந்தது? சிரித்தாயா? நான் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாயா? ஊரே பார்த்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. இருபது கோடை. உன் விரல்கள் ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. இதை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

வரும் வழியில் கை பாட்டுக்கு ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நீ தலை வாரும் கண்ணாடியில் மாட்டி வைத்திருக்கிறேன். காலையில் எழுந்து பார்த்தேன், இன்னும் வாடவில்லை.

அடுத்த சித்திரைக்கும் போவேன். அதே பந்தக்காலில்தான் உட்காருவேன். மந்திரமூர்த்தியை மறக்காமல் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவன் கேட்டதும் உன் பக்கம் திரும்புவேன். இந்தத் தடவை கையைப் பார்க்க மாட்டேன், கோமதி. பதிலும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு ராகமும் தெரியாத
உன் வீட்டுக்காரன்