வாட்டில் நிழலில் பிழைத்தவை

வெள்ளிமுடி மலை ஆய்வு நிலையம்
பதிபவர்: தங்கபுஷ்பம், காட்டு ஆய்வாளர்

2094 ஏப்ரல் 11, காலை 7.10
வெப்பம் 27. மூடுபனி இல்லை. கீழ்ச் சரிவில் கணக்கெடுப்பு முடிந்தது. காட்டுநாவல் மரங்கள் நன்றாகவே நிற்கின்றன, பூக்கின்றன, காய்க்கின்றன. விதையும் விழுகிறது, கன்றுதான் ஒன்றுகூட இல்லை. மண் இப்படிச் சுட்டால் எது முளைக்கும்? காடு பசுமையாக இருக்கிறது என்று தலைமையகம் மார்தட்டிக்கொள்கிறது. கிழடுகள் மட்டும் வாழும் வீட்டுக்கு இத்தனை பெருமை.

ஏப்ரல் 12, பகல் 11.40
உச்சியில் கன்றுகள்! முழங்கால் உயரம். எங்கே தெரியுமா? வாட்டில் மரங்களுக்கு அடியில். அந்நிய மரம், சோலையைத் தின்ற மரம் என்று தலைமுறை தலைமுறையாக நாங்கள் வெட்டித் தள்ளும் அதே வாட்டில். இப்போது அதன் நிழலில் மட்டும்தான் மண் ஈரமாக இருக்கிறது. முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். கன்றுகள் இன்னும் மேலே ஏறிப் பிழைக்க இதற்கு மேல் மலை இல்லை.

ஏப்ரல் 13, காலை 8.05
தலைமையகத்தின் ஆளில்லா வெட்டு எந்திரம் உச்சிக்கு ஏறி வருகிறது. வாட்டிலைக் கண்டால் வெட்டும், அடியில் இருப்பதை நசுக்கும். அவ்வளவுதான் அதன் அறிவு. அதற்குக் கட்டளை அனுப்பும் கோபுரம் காட்டுத்தீயில் போய்விட்டது. நிறுத்தும் சாவி அடிவார முகாமின் பொறுப்பாளர் ஒச்சப்பனிடம்.

வானொலியில் அவன்: “யக்கா, சாவியோட கெளம்பிட்டேன். பாதையெல்லாம் தீயா இருக்கு, சுத்தித்தான் வரணும். நாளைக்கு மத்தியானம் ஆயிரும். நீங்க அதுக்கிட்ட போயிராதீங்க!”

போகாமல் வேடிக்கை பார்க்கவா?

மாலை 4.30
எந்திரத்துக்கும் கன்றுகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். அருகில் ஆள் இருந்தால் அது நின்றுவிடும். அப்படிச் செய்து வைத்த புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும். சிவப்பு விளக்கை எரியவிட்டுக் காத்திருக்கிறது. எனக்குக் கால் மரத்துவிட்டது. அதற்கு அந்தக் கவலையும் இல்லை.

ஏப்ரல் 14, காலை 10.50
புகை மேலே வந்துவிட்டது. எந்திரத்தின் கேமராவுக்கு இனி என்னைத் தெரியாது. என் உடம்புச் சூட்டை வைத்துத்தான் ஆள் இருப்பதைக் கண்டுகொள்ளும். வெப்பம் 33, இந்த உயரத்தில்! குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் இருந்தது, கன்றுகளுக்கு ஊற்றிவிட்டேன். ஒச்சப்பன் வந்து திட்டிக்கொள்ளட்டும்.

பகல் 12.20
36. பாறை, காற்று, நான், எல்லாம் ஒரே சூடு. விளக்கு பச்சையாகிவிட்டது. நான் இருப்பது அதற்குத் தெரியவில்லை. கையை வீசுகிறேன், கத்துகிறேன். வெட்டும் சக்கரம் சுழல்கிறது.

“யக்கா, வெலகுங்க! இந்தா, கடைசி ஏத்தம் ஏறிட்டிருக்கேன்... யக்கா!”

பயமாக இருக்கிறது. கல்லை எறிந்து பார்த்தேன், நிற்கவில்லை. நான் விலகினால் அடுத்த அடி கன்றுகள் மேல்தான். இதைக் கண்டெடுப்பவரே, வாட்டிலை இப்போது வெட்டாதீர்கள், கன்றுகள் கொஞ்சம் தலை

பகல் 12.24, எந்திரத்தின் தானியங்கிப் பதிவு
அருகில் மனிதர்: இல்லை.
பணி தொடங்கியது.