வேறு கையில் தின்ற குதிரை

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்லக் கடைச் செட்டியார் எழுதுவது.

பேத்தி பிறந்து நாற்பது நாளாகியும் கிள்ளானில் உன் வீட்டுக்கு வரவில்லை என்று கோபிக்காதே. லாயத்தில் காலை நாலு மணி முதல் இருட்டும்வரை வேலை, ஞாயிறும் கிடையாது. சம்பளம் பதினைந்து வெள்ளி. கிழவன் என்று துரை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, அவர் குதிரையை என் கையில் மட்டும் தின்னப் பழக்கியிருந்தேன். அதுவே வினையாயிற்று. லீவு கேட்டால் கணக்கெழுதும் கிராணி, “ஒன் பேத்திக்கு ஆத்தா இருக்கா, குதிரைக்கு யாருய்யா இருக்கா?” என்கிறார்.

அதனால் பத்து நாளாக, என் வாடை இருக்கட்டும் என்று என் சட்டையைப் பக்கத்து லாயத்துக் கன்னையாவுக்கு மாட்டித் தீனி கொடுக்க வைத்தேன். இன்று காலை அவன் கையில் தின்றுவிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். அங்கேயே இருந்துவிட ஒரு பாய் விரிக்க இடம் இருக்குமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டு வை.

உன் அப்பா, கைநாட்டு.